மாண்புமிகு முதல்வர் தலைமையில் உன் கல்யாணம்

முத்து, மாரியம்மன் உனக்கும் செல்விக்கும் முன்னால் நடந்து வழி காட்டட்டும்.

திங்கட்கிழமை நீங்கள் இரண்டு பேரும் சென்னைக்கு ரயில் ஏறுகிறீர்கள். சட்டமன்றத்தில் பேசுகிறவர்களுக்கு நடுவில் மேசை போட்டு உட்கார்ந்து, அவர்கள் வாயிலிருந்து வருவதைச் சுருக்கெழுத்தில் பிடிக்கிற வேலை உனக்கு. அந்த வேலைக்கு நிருபர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெருவில் கேட்கிறவர்களிடம் நான் 'பையன் சட்டசபைக்குப் போறான்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தை அவர்களே சேர்த்துக்கொள்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து, எந்தக் கட்சியில் சீட் கிடைத்தது என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வரியை விட்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டுக்குத் தெரியாததா? அந்தக் கதையைத்தான் இன்று உனக்கு எழுதப்போகிறேன். பாதி உனக்குத் தெரியும். செல்வியின் ஊரான எம். புதுப்பட்டியில் நடந்த பாதி உனக்கு முழுதாகத் தெரியாது, ஏனென்றால் அன்று உன்னை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனோம்.

நீ பரீட்சைக்குப் படித்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உன் கைக்கு வேகம் வரவேண்டும் என்று நான் சட்டசபைப் பேச்சுகளை உரக்கப் படிப்பேன், நீ எழுதுவாய். விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, 'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே' என்று ஆரம்பித்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி, "பேரவைத் தலைவரே, கொஞ்சம் கருவேப்பில இருந்தா குடுங்க" என்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு வேறு யாரும் அரசியல் சட்டம் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். குழம்பு எத்தனை முறை அடிப்பிடித்தது என்று நீ சொல்லமாட்டாய், நானும் எழுதப்போவதில்லை. ஆனால் ஒரு முதலமைச்சர் என்பவர் யார், அந்த நாற்காலி எப்படி வந்தது என்று அந்த அடுப்படியில்தான் எனக்குப் புரிந்தது.

அதில் உட்கார்ந்தவர்களின் பெயர்களுக்குள் நான் போகவில்லை. அதை அவரவர் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது நாற்காலியின் கதை. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்துக்கு எல்லாமே கவர்னர்தான். அப்புறம் தேர்தல் என்று ஒன்று வந்தபோது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரியான துறைகளை இங்குள்ள மந்திரிகளிடம் கொடுத்துவிட்டு, கஜானாவையும் போலீசையும் தன் பக்கமே வைத்துக்கொண்டாராம். சமையல் உன் பொறுப்பு, அரிசிப் பானை என் பொறுப்பு என்கிற மாமியார் மாதிரி. அதற்கும் பிறகு மாகாணமே தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆனபோது, இங்கே தலைமையில் இருந்தவரைப் பிரதம மந்திரி என்று அழைத்திருக்கிறார்கள். குடியரசு ஆனபின் அந்தப் பெயர் டெல்லிக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. நமக்கு முதல் மந்திரி. அப்புறம் மந்திரி அமைச்சரானார், முதல் மந்திரி முதலமைச்சரானார், மாகாணமும் தமிழ்நாடு ஆனது. செய்தித்தாளில் தலைப்பு போடுகிறவர்களுக்கு இடம் பத்தவில்லை, அவரை முதல்வர் என்று சுருக்கிவிட்டார்கள். அந்தப் பெயரில் கல்லூரிக்கு ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் உன் கல்யாணத்தில் இம்புட்டுக் கூத்து நடந்திருக்காது.

உங்கள் இருவருக்கும் பாடம் சொன்ன கல்லூரி முதல்வரைத் தலைமை தாங்கச் சொல்லலாம் என்றது செல்விதான். அப்போது முதல்வர் மாறுவார் என்று பேச்சு இருந்ததால், பெயர் போட வேண்டாம், பதவி மட்டும் போடுங்கள் என்று அங்கிருந்து சொன்னார்கள். அப்பாவுக்கோ ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுகிற சீசன். வேலை பார்க்கிற பிரஸ்ஸில் மூச்சுவிட நேரமில்லாமல், யாரோ கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டு வைத்திருந்த பழைய பத்திரிகையையே கம்ப்யூட்டரில் திறந்து, ஊர் பெயர்களை மாற்றியிருக்கிறார். நான் வேறு, மாரியம்மன் துணை மட்டும் போதாது, அய்யனார் துணையும் வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். அய்யனார் உள்ளே வந்தார், இடம் பத்தவில்லை, 'மணமக்கள் பயின்ற கல்லூரியின்' என்ற வரி வெளியே போய்விட்டது. பழைய பத்திரிகையில் இருந்த 'மாண்புமிகு' மட்டும் அசையாமல் நின்றது. ஆக, தங்க எழுத்தில், தலைமை மாண்புமிகு முதல்வர் அவர்கள். புரூப் பார்த்தபோது நான் அய்யனாருக்கு 'ய்' இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன்.

பத்திரிகை ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். சாக்கடை வாறுகால் ஓரமாக பிளீச்சிங் பவுடர் கோடு போட்டாற்போல் வந்து விழுந்தது. எரியாமல் இருந்த தெருவிளக்கு எரிந்தது. இதெல்லாம் திருவிழா வருவதால்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "ஏம்மா, முதலமைச்சர் வர்ற தகவல் எங்களுக்கே மேல இருந்து வரல. உங்களுக்கு எப்படி வந்துச்சு?" அப்பா பத்திரிகையை எடுத்து மேலிருந்து கீழே வாசித்தார், திருப்பி வாசித்தார், பின்பக்கம்கூடப் பார்த்தார். "அய்யய்ய, கல்லூரியக் காணோமே" என்றார். போலீஸ்காரர் சிரித்த சிரிப்பில் மோர் புரையேறிவிட்டது. பாவம், தலையில் தட்டி அனுப்பினோம்.

அவர் போனபின் அப்பா ஒரு யோசனை சொன்னார். கடைசி நேரத்தில் முதலமைச்சரால் வரமுடியவில்லை என்று மைக்கில் சொல்லிவிடலாம், பெரிய ஆட்கள் வராமல் இருப்பது சகஜம்தானே என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. அழைக்காத ஒருவரை வரவில்லை என்று குறை சொல்லி என் பிள்ளையின் கல்யாணத்தை ஆரம்பிக்க வேண்டுமா? அதோடு புதுப்பட்டியில் உன் மாமனார் இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருக்கிறாரோ என்ற பயமும் இருந்தது. பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கிற மனிதர். மகளைத் தன் தங்கை மகனுக்குக் கொடுக்க நினைத்திருந்தவர். அரைமனதாகத்தான் நமக்குச் சம்மதம் சொல்லியிருந்தார். பத்திரிகை போன பிறகுதான் அவர் குரலே மாறியிருந்தது. அது ஏன் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலையில் அம்மனுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டு, அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன்.

உன் மாமனார் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். "வாங்க தங்கச்சி, வாங்க மச்சான்" என்று வரவேற்றார். உட்கார்ந்த உடனே பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு மனுவை எடுத்துக் காட்டினார். எல்லார் கையெழுத்தும் இருந்தது, ரேகையும் இருந்தது. செல்வி எப்படிக் கல்லூரிக்குப் போனாள் என்று உனக்குத் தெரியும். காலையில் அப்பாவோடு ஆலை வேனில் ஏறி, பட்டாசுக்காரப் பெண்களின் மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டே போய், பாதி வழியில் இறங்கி வேறு பஸ் பிடிப்பாள். சாயங்காலம் வேன் வரும்வரை ரோட்டோரம் நிற்பாள். இப்போது அந்த ஊரில் இன்னும் பல பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள், எல்லாருக்கும் வேனில் இடமில்லை. கல்லூரி விடும் நேரத்துக்கு ஒரு பஸ் வேண்டும், அவ்வளவுதான் மனு. "ஊருக்குள்ள எல்லாருட்டயும் சொல்லிட்டேன் தங்கச்சி. எம் மக கல்யாணத்துல முதலமைச்சரு கையிலயே குடுக்கப்போறேன்" என்றார். கதவு நிலையில் சாய்ந்து நின்ற உன் மாமியார், அதற்கென்றே தனியாக ஒரு வேட்டி எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. முதல்வர் என்றால் கல்லூரி முதல்வர், மாண்புமிகு என்பது பழைய பத்திரிகையிலிருந்து ஒட்டிக்கொண்டது, கல்லூரி என்பது அய்யனாருக்கு இடம் விட்டுப் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் மனுவை மறுபடி உறைக்குள் போட்டார். குரலை உயர்த்தாமலே, "பத்திரிகையிலயே இப்புடின்னா மத்தத எத நம்பி எம் புள்ளய அனுப்ப? குடுத்த பத்திரிகை அம்புட்டையும் திரும்ப வாங்கிருங்க தங்கச்சி. கல்யாணம் வேண்டாம்" என்றார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. செல்விதான். அப்பா எழுந்தே விட்டார். உன் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது, முத்து. அம்மனை நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தைப் பேசினேன்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மனுக் கொடுக்க நினைத்த அந்த முதலமைச்சரைப் பற்றியே ஆரம்பித்தேன். நம் கோயிலில் மூலவர் இருக்கிறார், உற்சவர் இருக்கிறார். எல்லாம் மூலவர் பெயரில்தான் நடக்கும், அவர் கருவறையை விட்டு வெளியே வருவதில்லை. தெருத் தெருவாக வந்து ஜனங்கள் முகத்தைப் பார்க்கிறவர் உற்சவர். கவர்னர் மூலவர் மாதிரி, அரசாங்க உத்தரவெல்லாம் அவர் பெயரில்தான் வரும். முதலமைச்சர் உற்சவர் மாதிரி. ஆனால் உற்சவர் தானாக நடப்பதில்லை, சப்பரம் தூக்குகிறவர்கள் தோள் கொடுக்க வேண்டும். சட்டசபை உறுப்பினர்களில் பாதிக்கு மேல் தோள் கொடுக்கிறவரைதான் அவர் ஊர்வலம். அவர்கள் தோளை எடுத்துவிட்டால் இறங்கிவிட வேண்டும், அவரோடு மொத்த மந்திரிசபையும் இறங்கிவிடும். இதைச் சொல்லும்போதே உன் மாமனார் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். கோபத்திலும், அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "அப்ப ரெண்டு பேருல யாரு பெருசு?"

உன் மாமியார்தான் பதில் சொன்னாள். "இது தெரியாதாக்கும். இந்த வீட்டுல நீங்க கவர்னரு. பேரு உங்களுக்கு, வேல எனக்கு."

அப்பா சிரிப்பை அடக்க வெளியே பார்த்தார். நான் விடவில்லை. எங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று ஒரு ஆள் மட்டும் சொன்னால் போதாது அண்ணாச்சி, சபையில் கேட்டுவிடுவோம், தோற்றால் பத்திரிகை எல்லாவற்றையும் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அவர் தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. உனக்குப் படித்துக் காட்டுகிற குரலிலேயே, இந்தக் கல்யாணத்தை ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்க என்று சொன்னேன். அடுப்படிக்குள்ளிருந்து, நான் முடிப்பதற்குள், "ஆம்" என்று வந்தது. உன் மாமியாரும் "ஆம்" என்றாள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள் எதற்கென்றே கேட்காமல் ஆம் போட்டார்கள். எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்க என்றேன். வெளியே கட்டியிருந்த ஆடு மட்டும் கத்தியது. "அது உறுப்பினர் இல்ல, மதினி. நீங்க முடிங்க" என்றாள் உன் மாமியார். அவ்வளவுதான், அந்த மனிதருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது. "சரி, நான் ஒத்த ஆளு எதிர்க்கட்சியா இருந்து என்ன செய்ய? கல்யாணம் நடக்கட்டும். ஆனா இந்த மனுவ நான் யாருட்ட குடுக்க, தங்கச்சி?" என்றார். வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் என் கூட வந்தது.

பதில் உன் கல்யாண மேடையில் கிடைத்தது. முதல்வர் ஐயா மாறாமல் அவரே வந்தார். நடந்ததையெல்லாம் அப்பா காதில் சொன்னதும், மைக்கைப் பிடித்து, "இத்தனை வருசத்துல என்னை மாண்புமிகுன்னு யாரும் கூப்பிட்டதில்ல. கிடைச்ச மரியாதைக்கு ஒரு வேலையாவது செய்யணும். அந்த மனு எங்க?" என்று கேட்டார். உன் மாமனார் அந்தத் தனி வேட்டியில்தான் இருந்தார். இரண்டு கையாலும் கொடுத்தார். ஐயா பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. பஸ் விடுகிற முதல்வர் நான் இல்லை, ஆனால் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிற பிள்ளைகள் என் கல்லூரிப் பிள்ளைகள், கல்லூரிக் கடிதத்தையும் சேர்த்து நாம் இரண்டு பேரும் நேரில் போவோம் என்றார். சொன்னபடி போனார்கள். நம் சட்டமன்ற உறுப்பினர் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, சட்டசபையில் கேள்வியாக எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம். அதிலிருந்து உன் மாமனார் போகிற இடமெல்லாம், "முதல்வர் வாங்கிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்த முதல்வர் என்று அவரும் சொல்வதில்லை, நானும் திருத்துவதில்லை. அவர் அன்று காலையில் சொன்ன 'கல்யாணம் வேண்டாம்' என்பது மட்டும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது என்று வைத்துக்கொள். நீயும் ஒரு நாளும் அதைக் கிளறாதே.

இனி உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சபையில் உறுப்பினராக இல்லாதவரைக்கூட முதலமைச்சராக்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் அவர் ஜெயித்து உள்ளே வரவேண்டும் என்று நாம் படித்தோமே, மருமகன் என்பதும் அப்படி ஒரு பதவிதான். மாலை போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். இனிமேல்தான் நீ அந்த வீட்டு மனிதர்களிடம் ஜெயிக்க வேண்டும். வாராவாரம் போன் பண்ணு. உன் மாமியாரிடம் குழம்பு எப்படி வைப்பது என்று கேள், எனக்குக் கோபம் வராது. செல்வி அங்கே வேலை தேடப்போகிறேன் என்கிறாள். உன் வீட்டில் யார் மூலவர், யார் உற்சவர் என்று நீங்களே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், முறை வைத்து மாறிக்கொண்டாலும் சரி. சப்பரத்தை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து தூக்குங்கள்.

வேலையில், நாற்காலியில் இருக்கிறவர் பேசினாலும், எதிர்வரிசையில் புதிதாக வந்தவர் திக்கித் திக்கிப் பேசினாலும் ஒரே பேனாவால் எழுது. நாற்காலியில் இருக்கிறவர் மாறுவார். இன்று எதிரே இருக்கிறவர் நாளைக்கு இந்தப் பக்கம் வருவார். நீ எழுதியது அப்படியே இருக்கும். பிற்காலத்தில் யாராவது ஒரு பிள்ளைக்குப் பரீட்சை வரும், அதன் அம்மா அடுப்படியில் நின்று அதை உரக்கப் படிப்பாள். அவளுக்குப் புரிகிற மாதிரி இருக்கட்டும்.

எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நீ சட்டசபையில் எழுதுகிற வேலைக்குப் போகிறாய் என்று இன்று முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டேன். "அப்ப சீட் இல்லையா" என்றார். "சீட் இருக்கு, மேசையும் இருக்கு" என்றேன். இந்தக் கடிதத்தோடு உன் பத்திரிகை ஒன்றை வைத்திருக்கிறேன். மிச்சமிருந்தவற்றில் அப்பா தன் கையாலேயே நீல மையில் 'கல்லூரி' என்று மேலே எழுதிச் சேர்த்திருக்கிறார். இதை உன் மேசையில் வைத்துக்கொள்.

ஒரு நாள் நம் சட்டமன்ற உறுப்பினர் எழுந்து அந்தப் பஸ்ஸைப் பற்றிக் கேட்பார். பதில் சொல்வது போக்குவரத்து அமைச்சராக இருக்கலாம், முதலமைச்சரே எழுந்தும் சொல்லலாம். ஒருவர் சொன்னாலும் மொத்த அமைச்சரவையும் சொன்ன மாதிரிதான் என்று நீதான் எனக்கு விளக்கினாய். அன்றைக்கு அந்த மேசையில் உன் முறை வரவேண்டும் என்று அம்மனிடம் கேட்டு, முடிந்த துணியை இன்னும் அவிழ்க்காமல் வைத்திருக்கிறேன். அப்படி வந்தால், சந்தோஷத்தில் கை வேகமெடுத்துவிடாமல், ஊர்ப் பெயரை நிதானமாக எழுது. நம் நாட்டில் புதுப்பட்டிகள் நிறைய இருக்கின்றன. இடம் பத்தவில்லை என்று செல்வி ஊர்ப் பெயருக்கு முன்னால் இருக்கிற 'எம்.' என்பதை விட்டுவிடாதே, முத்து. பஸ் வேறு ஊருக்குப் போய்விடும்.

உங்கள் இருவருக்கும் குங்குமம் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன்.

அம்மா